உறுப்பின் காரணம் அறிக: பழைய விமானங்களை இனங்காணும் இளைஞருக்கு ஒரு கடிதம்

பழைய ஒளிப்படங்களில் உள்ள விமானங்களை இனங்காணும் பணியில் இறங்கியுள்ள இளம் ஆர்வலருக்கு,

அறியாத விமானமொன்றின் படம் கிடைத்ததும் அதையொத்த படத்தை நூல்களில் தேடுவதே தொடக்கநிலையில் பலரும் கைக்கொள்ளும் முறை. ஆயினும் தோற்ற ஒற்றுமை எளிதில் ஏமாற்றிவிடும் என்பதால், ஓர் உறுப்பு ஏன் அவ்வடிவில் அமைந்தது என்று கேட்கும் பழக்கத்தையே முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் உருவாக்கிய 'மோத்' வரிசை இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக்களமாகும். ஜிப்சி மோத், டைகர் மோத் ஆகிய இரண்டும் மேலும் கீழுமாக இரு இறக்கைகளையும், முன்னும் பின்னுமாக இரு திறந்த இருக்கைகளையும் கொண்டவையாதலால் மங்கலான படத்தில் ஒன்றெனவே தோன்றும். 1931இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மோத், விமானப்படைப் பயிற்சிக்கென உருவானது. முன்னிருக்கையில் இருப்பவர் ஆபத்து வேளையில் பாராசூட்டுடன் வெளியேறுவதற்கு மேலிறக்கையின் நடுப்பகுதி இடையூறாக இருந்ததால் அது முன்னோக்கி நகர்த்தப்பட்டது. அதனால் குலைந்த எடைச் சமநிலையை மீட்பதற்காக இறக்கைகள் நுனியை நோக்கிப் பின்சாய்வாக அமைக்கப்பட்டன. இக்காரணத்தை அறிந்தவரின் கண் அந்தப் பின்சாய்வைத் தானாகவே தேடிச் செல்லும்.

எஞ்சினும் அவ்வாறே சான்று பகரும். டைகர் மோத்தில் உள்ளது கவிழ்ந்த எஞ்சின், அதாவது சிலிண்டர்கள் சுழல்தண்டுக்குக் கீழே தொங்கும் அமைப்பு. ஜிப்சி மோத்திலோ அவை நிமிர்ந்து மூக்கின் மேற்புறம் துருத்தி நிற்கும். எனினும் 'மோத் மேஜர்' என்னும் மற்றொரு வகையிலும் கவிழ்ந்த எஞ்சினே இருப்பதால், ஒற்றை அடையாளத்தை நம்பி முடிவுக்கு வருவது தவறாகும். எஞ்சின் அமைப்பு மோத் வரிசைக்கு அப்பாலும் உதவும். 1969இல் வெளிவந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' திரைப்படத்தில் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஆகத் தோன்றுபவை மெர்லின் என்னும் எஞ்சின் பொருத்திய ஸ்பானிய விமானங்களே. ஜெர்மானிய எஞ்சின் கவிழ்ந்தது, மெர்லின் நிமிர்ந்தது என்பதை அறிந்தவர், மூக்கில் உயரத்தில் அமைந்த புகைக்குழாய் வரிசையைக் கொண்டே அவற்றைப் பிரித்தறிவார்.

வண்ணத்தை நம்பலாகாது. அக்காலத்து ஒருவகைப் படச்சுருள் சிவப்பொளியை உணராததால், அதில் மஞ்சளும் சிவப்பும் கருமையாகவும் நீலம் வெளிறியும் பதிந்தன.

உருவம் கைவிடும் இடத்தில் காலம் துணைபுரியும். 1932 அக்டோபரில் டாட்டா நிறுவனம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தொடங்கிய அஞ்சல் சேவையில் பறந்தது புஸ் மோத். அதைப் பெரிதும் ஒத்த லெபர்ட் மோத் 1933இல்தான் முதன்முதலாகப் பறந்தது என்பதால், 1932ஆம் ஆண்டைச் சேர்ந்ததென உறுதியான எந்தப் படத்துக்கும் அப்பெயர் பொருந்தாது.

ஆகவே இளம் ஆர்வலர் தாம் கண்ட பெயருடன் அதற்குரிய காரணங்களையும், தீராத ஐயத்தையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். படத்தின் ஓரங்களை வெட்டாமல், அதன் பின்புறத்தில் உள்ள கையெழுத்தையும் முத்திரையையும் தவறாமல் நகலெடுத்துக் காக்கவும் வேண்டும்.