களையா, கீரையா? பருப்புக்கீரையைத் தெரிந்துகொள்வோம்



வெங்காயக் காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் களை எடுக்கும்போது பிடுங்கி வரப்பில் போடுகிற செடிகளில் ஒன்று பருப்புக்கீரை. சில ஊர்களில் இதைக் கோழிக்கீரை என்றும் சொல்வார்கள். இதே கீரையைச் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். சும்மா கிடைக்கிறதை வீசிட்டு, காசு கொடுத்து வாங்கிட்டு வர்றோம். அடையாளம் தெரிந்தால் கீரைச் செலவு மிச்சம். தெரியாமல் பறித்தால் வயிற்றுக்குக் கேடு. அதனால் முதலில் அடையாளம் கற்போம்.

அடையாளம்

தரையோடு படரும். தண்டு வழுவழுப்பாக, சதைப்பற்றாக, செம்மை கலந்து இருக்கும். இலை தடிப்பாக, சின்னக் கரண்டி போல நுனி அகன்றிருக்கும். பூ மஞ்சள் நிறம். காலை வெயிலில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும்.

ஏமாற்றும் செடிகள் இரண்டு உண்டு.

1. சித்திரப்பாலாடை போன்ற பால் செடிகள். இவையும் தரையில்தான் படரும். தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை, தொடாதீர்கள்.

2. சாரணை. இலை வட்டமாக, ஜோடியில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. இதன் முற்றிய இலை வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

சந்தேகம் வந்தால் வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம். தெரிந்த பெரியவங்களிடம் காட்டிக் கேளுங்கள்.

என்ன சத்து?

வைட்டமின் ஏ, சி, மக்னீசியம், பொட்டாசியம், இரும்பு ஆகியவை இதில் உண்டு. மீனில் இருப்பதாகக் கேள்விப்படும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பின் ஒரு வகை இந்தக் கீரையிலும் இருப்பதை 1986-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் சிமோபுலோஸ், சேலம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆனால் இது மருந்து இல்லை. இதில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தையும் இரும்பையும் உடம்பில் முழுசாகச் சேர விடாது. அதனால் கீரை சாப்பிடுகிறோம் என்று இரத்த சோகைக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சமைக்கும் முறை

கடைசல்: பாசிப்பருப்பைப் பாதி வேகவைத்து, கீரை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், தக்காளி சேர்த்து வேகவிட்டு மத்தால் கடையவும். கடுகு, சீரகம் தாளிக்கவும்.

பச்சடி: துருக்கியில் இந்தக் கீரையைப் பச்சையாகத் தயிரில் போட்டுப் பூண்டு தட்டிச் சாப்பிடுகிறார்கள். நம்ம தயிர்ப் பச்சடி மாதிரிதான். இளந்தளிரை நாலைந்து தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்கி, கெட்டித் தயிர், உப்பு சேர்த்தால் போதும். தயிரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த அமிலத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். காலையில் பறித்தால் புளிப்பு கூடும், சாயங்காலம் பறித்தால் குறையும்.

கவனம்

* களைக்கொல்லி, பூச்சிமருந்து அடித்த வயலில் பறிக்க வேண்டாம். யார் வயலாக இருந்தாலும் கேட்டுவிட்டுப் பறியுங்கள்.
* சாக்கடை ஓரம், ரோட்டோரம் முளைத்ததும் வேண்டாம்.
* சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.
* கர்ப்பிணிகள் பச்சையாகச் சாப்பிடாமல் வேகவைத்தே சாப்பிடுவது நல்லது.

வீட்டுப் பக்கத்தில் வளர்க்க

பாத்திரம் கழுவும் தண்ணீரில் சோப்பு இல்லையென்றால் அதுவே போதும். விதை மிகப் பொடி. மணலில் கலந்து தூவுங்கள். தண்டை ஒடித்து ஊன்றினாலும் வேர் பிடிக்கும். பிடுங்கி வயலில் போட்டாலும் மறுபடி துளிர்ப்பது இதனால்தான். பூ வரும் முன்னே, அடியில் கொஞ்சம் விட்டு அறுத்தால் திரும்பத் தழைக்கும். காய்த்து விதை சிந்தினால் அடுத்த போகத்தில் களை எடுக்கும் வேலை இரட்டிப்பாகும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊரில் இதற்கு என்ன பெயர்? எங்கே முளைக்கிறது?
2. எந்தெந்த வயலில் களைக்கொல்லி அடிக்கிறார்கள்?
3. ஒவ்வொருவரும் ஒரு செடி கொண்டு வந்து, கிள்ளிப் பார்த்து, அடையாளம் சொல்ல முடிகிறதா?

மூன்றாவது கேள்வியில் எல்லோரும் தேறிய பிறகு கீரையை அடுப்பில் ஏற்றுவோம்.