பாட்டு வண்டிக்கு எந்த பேட்டரி?

அவர் பாட்டு வண்டிக்காரர். கல்யாண ஊர்வலம், திருவிழா என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். அவருடைய வேனில் பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. 1200 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரும் இருக்கிறது.

ஆனால் ஒரு குறை. பாட்டில் மேளம் ஓங்கி ஒலிக்கும்போது வண்டி விளக்கு மங்கும். போன வாரம் ஊர்வலத்தின் நடுவே பாட்டு நின்றுவிட்டது. பேசிய பணத்தில் பாதிதான் கிடைத்தது.

அன்று மாலை அவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தார்.

“லித்தியம் பேட்டரி ஒன்று பார்த்தேன். பழையதுதான். பாதி விலை. நாளைக்கே வாங்கிவிடலாம்.”

“ஏங்க, அதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று மனைவி கேட்டார்.

அவர் பார்க்கவில்லை. மறுநாள் இருவரும் போனார்கள். மனைவி எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘11.1 வோல்ட்’ என்று இருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டார். மெக்கானிக்கிடம் போய்க் காட்டினார்.

“நல்ல வேளை, எழுதிக்கொண்டு வந்தீர்கள் தங்கச்சி” என்றார் மெக்கானிக். “இது உங்கள் வண்டிக்கு ஆகாது.”

“ஏன் அண்ணே? லித்தியம் நல்லது என்கிறார்களே?”

“லித்தியத்தில் பல வகை உண்டு. உங்கள் வண்டி ஓடும்போது டைனமோ சுமார் 14.4 வோல்ட் கொடுக்கும். பேட்டரி அதற்குப் பொருந்த வேண்டும். நீங்கள் பார்த்த பேட்டரியில் 3 செல்கள் இருக்கும். ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு?”

மனைவி கணக்குப் போட்டார். “12.6.”

“ஆமாம். 12.6 கொள்ளும் பேட்டரிக்குள் 14.4-ஐத் திணித்தால் என்ன ஆகும்? செல் சூடாகும், உப்பும். தீயும் பிடிக்கலாம். வண்டியில் ஆள் இருப்பார்களே!”

கணவர் பேசவில்லை. வண்டியில் அவர் மகனும்தான் உட்கார்ந்து போவான்.

“அப்படியானால் எதை வாங்குவது?” என்று கேட்டார்.

மெக்கானிக் மூன்று வகைகளைச் சொன்னார்.

நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை: எடை குறைவு. பல மின்சார ஸ்கூட்டர்களில் இருக்கிறது. 3 செல் போட்டால் வோல்ட் போதாது. 4 செல் போட்டால் 16.8 வோல்ட்டில்தான் நிறையும். டைனமோவால் அதை நிரப்ப முடியாது.

இரும்பு பாஸ்பேட் வகை: ஒரு செல் 3.2 வோல்ட். 4 செல் சேர்ந்தால் 12.8 வோல்ட். 14.6-இல் நிறையும். டைனமோவுக்குப் பொருந்தும். சூட்டையும் ஓரளவு தாங்கும். பல ஆண்டுகள் உழைக்கும்.

டைட்டனேட் வகை: ஒரு செல் 2.4 வோல்ட். 6 செல் சேர்ப்பார்கள். ஒரே நொடியில் நிறைய மின்சாரம் கொடுக்கும். மிக நீண்ட நாள் உழைக்கும். ஆனால் விலை அதிகம், எடையும் அதிகம்.

“உங்கள் தொழிலுக்கு இரும்பு பாஸ்பேட் போதும்” என்றார் மெக்கானிக்.

“1200 வாட்ஸை 12-ஆல் வகுத்துப் பாருங்கள். 100 ஆம்பியர். அவ்வளவு மின்சாரத்தை அந்த பேட்டரி கொடுக்குமா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே காவல் சர்க்யூட் இருக்க வேண்டும். அதை பி.எம்.எஸ். என்பார்கள்.”

விலை கூடத்தான் இருந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பணம் சேர்த்தார்கள். வாங்கும் நாளில் மனைவிதான் எழுத்தைப் படித்தார். ‘12.8 வோல்ட்.’ பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள்.

தெரிந்துகொள்வோம்

1. பேட்டரிக்கு மிக அருகில் ஃப்யூஸ் போட வேண்டும்.
2. தடித்த வயர் வேண்டும். மெல்லிய வயர் சூடாகும்.
3. எஞ்சின் அருகே லித்தியம் பேட்டரியை வைக்கக் கூடாது. அங்கே சூடு அதிகம்.
4. லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில் உறைநிலைக்குக் கீழே இரும்பு பாஸ்பேட் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது.
5. டைனமோ சிறியதாக இருந்தால் நடுவில் சார்ஜர் கருவி வைக்க வேண்டும்.
6. உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தக் கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும்.
7. புகை வந்தால் எல்லோரும் விலகி நின்று 112-ஐ அழைக்க வேண்டும்.

கேள்விகள்

1. 11.1 வோல்ட் பேட்டரி ஏன் அந்த வேனுக்கு ஆகாது?
2. 600 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையருக்கு 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் வேண்டும்?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பேட்டரியைப் பாருங்கள். அதில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது?