மோட்டாரைக் காக்கும் மிதவை சுவிட்சு

கிணறு வற்றிய பிறகும் மோட்டார் ஓடினால் சீல் தேயும். நீர்மூழ்கி மோட்டாராயின் காயில் கருகிவிடும். இராத்திரியில் கரண்ட் வந்தால் விடியும்வரை கிணற்றடியில் காவல் இருக்க யாரால் முடியும்? மிதவை சுவிட்சு அந்தக் காவலைச் செய்யும்.

இது சாய்வை உணரும் கருவி. ஒயர் நுனியில் பிளாஸ்டிக் மிதவை. அதனுள் ஓர் எஃகுக் குண்டு. நீர் இருக்கையில் மிதவை மேல்நோக்கிச் சாய்ந்து மிதக்கும். குண்டு உருண்டு சுவிட்சை அழுத்தும். நீர் இறங்கினால் மிதவை தொங்கிவிடும். குண்டு விலகி, மோட்டார் நிற்கும். பழைய வகைகளில் குண்டுக்குப் பதில் பாதரசம் இருந்தது. அது நஞ்சு, அவற்றை உடைத்துவிடாதீர்கள்.

புட்வால்வுக்கு மேல் இரண்டு, மூன்று அடி நீர் இருக்கும்போதே மோட்டார் நிற்கும்படி மிதவையைக் கட்டவேண்டும். கட்டிலிருந்து மிதவைவரை ஒயர் குட்டையாக இருந்தால் மோட்டார் அடிக்கடி நின்று ஓடும். நீளமாக விட்டால் நீர் நன்கு ஊறிய பின்பே ஓடும்.

மும்முனை மோட்டாரின் மின்சாரத்தை மிதவை வழியே விடவே கூடாது. ஸ்டார்ட்டரின் நோ-வோல்ட் காயில் சுற்றில் மட்டும், ஒயர்மேனைக் கொண்டு இணைக்கவும்.

குறுகிய போர்வெல்லில் மிதவை சாய இடமிராது. இது திறந்த கிணற்றுக்கும் தொட்டிக்குமே ஏற்றது.