சிவப்பு விளக்கு எரிந்தால்: வீட்டு நெட்டுக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால், இலத்தூரில் முதலில் ஆடுவது தென்னை மட்டை. அடுத்து ஆடுவது அதன் மேல் உரசிக்கொண்டு போகும் ஃபைபர் வயர். 'அருவில தண்ணி விழுதா?' என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போனில் கேட்கிற அதே வாரத்தில்தான், 'உங்க வீட்ல நெட்டு வருதா?' என்ற கேள்வியும் தெருவில் கிளம்பும்.

அந்தக் கேள்வியை இப்போது லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011-இல் தென்காசியில் சிறிதாகத் தொடங்கிய கிளை, மத்தளம்பாறையில் வளர்ந்து நிற்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், பட்டா நகல், துபாயில் இருக்கிற மகனின் முகம் எல்லாமே அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. பக்கத்து வீட்டு ஆச்சி போன வருஷம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நெட்டு போயிட்டு. பேரனுக்கு இன்னைக்கு இன்டர்வியூ" என்று சொன்னபோது அவர்கள் குரலில் இருந்த பதற்றம், முன்பெல்லாம் கிணற்று மோட்டார் ஓடாதபோது இருந்த பதற்றம்.

'நெட்டு போயிட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் கை வைப்பதுதான் சிக்கலைப் பெரிதாக்குகிறது. அதனால் என் பட்டியலில் முதல் இடம் கைக்கு இல்லை, கண்ணுக்கு.

செய்ய வேண்டியவை: முதல் ஐந்து நிமிடம்

விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் பெட்டியின் முகப்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். அதில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால், வெளியிலிருந்து வரும் ஒளியே பெட்டிக்கு வரவில்லை என்று பொருள். நல்ல நிலையில் அந்த விளக்கு அணைந்தே இருக்க வேண்டும். பி.ஓ.என். என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் லைன் சரி. அது விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தால், பெட்டி கம்பெனியின் நிலையத்தோடு சேரப் பார்க்கிறது, சேர முடியவில்லை. இந்த இரண்டும் ஒழுங்காக இருந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாமலோ சிவப்பாகவோ இருந்தால், கணக்கில்தான் ஏதோ தடை: மாதப் பணம் முடிந்திருக்கலாம், அல்லது பெட்டிக்குள் பதிந்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்படவில்லை. எல்லா விளக்கும் சரியாக எரிந்தும் போனில் மட்டும் வரவில்லை என்றால், கோளாறு உங்கள் வீட்டு வைஃபையில் அல்லது அந்தப் போனில்.

ஆச்சி வீட்டில் அன்றைக்கு எல்.ஓ.எஸ். சிவப்பு. பெட்டியை ஒன்றும் செய்யவில்லை. வயர் வரும் வழியைக் கண்ணால் தொடர்ந்து போனோம். ஜன்னல் கதவை யாரோ இழுத்துச் சாத்தியதில், உள்ளே வரும் மஞ்சள் வயர் இரண்டாக மடிந்து நசுங்கியிருந்தது. ஒளி நேராகப் போகும், கொஞ்சம் வளையும், மடிந்தால் வெளியே சிந்திவிடும். மடிப்பை விடுவித்ததும் இரண்டு நிமிடத்தில் சிவப்பு அணைந்தது. வயர் முறிந்திருந்தால் அவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

பக்கத்து வீட்டில் கேளுங்கள். அதே கம்பெனி இணைப்பு வைத்திருக்கிற இரண்டு வீட்டிலும் போயிருந்தால், உங்கள் பெட்டியைத் தொடுவதில் பயனே இல்லை. மின்வாரியத்தார் கம்பத்தை ஒட்டிய கிளைகளை வெட்டும்போது, அதே கம்பத்தில் கட்டியிருக்கும் ஃபைபரும் சேர்ந்து அறுபடுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பதுதான்.

அணைத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். உடனே போடாதீர்கள். பெட்டிக்குள் தங்கிய மின்சாரம் வடியவும், நிலையத்தில் உங்கள் பழைய இணைப்பு முடிந்துபோகவும் அந்த நேரம் வேண்டும். போட்ட பிறகு ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் இருங்கள்.

லேப்டாப் இருந்தால் லேன் வயரில் மாட்டிப் பாருங்கள். வயரில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் இழுத்தால், கேபிள்காரரைத் திட்டுவதில் நியாயம் இல்லை. பெட்டியை வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

செய்யக்கூடாதவை: அவசரத்தில் நடப்பவை

ஊசித் துளையில் குத்தாதீர்கள். இதை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். பெட்டியின் பின்னால் ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் இருப்பது ரீசெட் பொத்தான். அணைத்துப் போடுவதும் ரீசெட் செய்வதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். முதலாவது தூங்கி எழுவது. இரண்டாவது பெட்டியின் நினைவையே அழிப்பது: உங்கள் பயனர் பெயர், பாஸ்வேர்டு, லைனில் சேர்வதற்கான எண்கள் எல்லாம் போய்விடும். நான் ஒரு முறை அப்படிக் குத்தினேன். உண்மையான கோளாறு ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் பெட்டியில் திரும்ப எண்களைப் போட ஆள் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் வீட்டில் பிள்ளையின் வகுப்பு நின்றது.

அறுந்த ஃபைபரை முறுக்கி ஒட்டாதீர்கள். கேபிள் டிவி வயரை உரித்து முறுக்கிப் பழகிய கைகளுக்கு இது தோன்றும். ஃபைபருக்குள் ஒளி ஓடும் பாதை ஒன்பது மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. அதை மெஷின் வைத்துத்தான் உருக்கி ஒட்ட முடியும். அறுந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்தும் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. உடைந்த கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால் எடுப்பதும் கடினம். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பச்சை முனையை நீல முனைக்குள் மாட்டாதீர்கள். இரண்டும் வடிவத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இருக்கும் முகம் வேறு. பச்சை சாய்வாக வெட்டியது.

கிடைத்த அடாப்டரை மாட்டாதீர்கள். செட்டாப் பாக்ஸ் அடாப்டர் முனை அப்படியே பொருந்தினாலும் வோல்ட் வேறாக இருக்கலாம். பெட்டியின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. 'ராத்திரியானா நெட்டு தானா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது' என்று சொல்கிற வீடுகளில் நான் முதலில் பார்ப்பது அடாப்டரைத்தான்.

கூகுளில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். அதில் போலி எண்களும் கலந்திருக்கின்றன. எடுப்பவன் மரியாதையாகப் பேசி, போனில் ஒரு ஆப்பை ஏற்றச் சொல்லி, பத்து ரூபாய் அனுப்பச் சொல்லி, கணக்கைத் துடைத்துவிடுவான். பில்லில் அச்சடித்த எண் மட்டும்தான் எண். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு குறைகிறது.

பெட்டி எங்கே இருக்க வேண்டும்

நம் ஊர்ப் பழைய வீடுகளில் இது தனிப் பாடம். தார்சா, பட்டாசல், அரங்கு, அடுப்படி என்று ரயில் பெட்டி மாதிரி நீளும் வீடு. இடையில் ஒன்றரை அடிச் சுவர்கள். லைன் போட வருகிற பையன் தார்சா ஜன்னலில் துளை போட்டு, அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறான். வைஃபை பாதி தெருவுக்குப் போகிறது. படிக்கிற பிள்ளை இருக்கும் மச்சில் ஒரு புள்ளிகூட வராது.

மாட்டும்போதே சொல்லுங்கள்: வயர் இன்னும் பத்து மீட்டர் உள்ளே வரட்டும், பெட்டி வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் இருக்கட்டும். பீரோவுக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் மேல், நிலைக்கண்ணாடி பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வைக்கக் கூடாது. இரும்பும் கண்ணாடிப் பூச்சும் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும். அழகுக்காக மர அலமாரிக்குள் பூட்டி வைத்தால் சூட்டில் திணறும்.

ஆன்டெனா செங்குத்தாக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும். மாடியிலும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

பெட்டியில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு வைஃபை இருந்தால், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைப்பது என் பழக்கம். 5 வேகம், ஆனால் அடுத்த சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவாக இருந்தாலும் அரங்கு வரை போகும். வேலை பார்க்கிறவர் பட்டாசலில் 5. அடுப்படியில் பாட்டு கேட்கிற போனுக்கு 2.4. தென்காசி டவுனில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இருப்பவர்கள் 2.4-இன் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று உரசாதவை.

மச்சுக்கு நெட் கொண்டுபோக ரிப்பீட்டர் வாங்குவதைவிட, ஒரு லேன் வயர் இழுத்து இரண்டாவது ரவுட்டரை வைப்பது மேல். விலை குறைந்த ரிப்பீட்டர் கேட்ட வேகத்தில் பாதியைத் தானே தின்றுவிடும். லேன் வயர் நூறு மீட்டர் வரை தாங்கும். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலையில் போடுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல் முதல் பெட்டியோடு மோதாத ஒன்றாக மாற்றி, டி.எச்.சி.பி.யை அணைத்து, லேன் துளையிலிருந்து லேன் துளைக்கு மாட்டுங்கள். அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் தனித்தனியாக முகவரி கொடுத்து, பாதிப் போன் ஓடும், பாதி நிற்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் நொடிக்கு 100 மெகாபைட் இல்லை; எட்டால் வகுத்து 12.5 மெகாபைட். ஒரு ஜிபி படம் இறங்க ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் ஆனால் யாரும் ஏமாற்றவில்லை.

பூட்டும் சாவியும்

புதுப் பெட்டி வந்த அன்றே இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு ஒன்று. பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டு இன்னொன்று. இரண்டாவதைத்தான் எல்லோரும் 'அட்மின்' என்றே விட்டுவிடுகிறார்கள். 2016-இல் மிராய் என்ற தீய நிரல் உலகெங்கும் இப்படி விடப்பட்ட ரவுட்டர்களையும் கேமராக்களையும் பிடித்துத் தன் படையாக்கியது. நம் நாட்டிலேயே 2017 ஜூலையில், பாஸ்வேர்டை மாற்றாத பி.எஸ்.என்.எல். மோடம்கள் தீய நிரலால் செயலிழந்தன.

பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

அருவிச் சீசனுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு கெஸ்ட் வைஃபை போட்டுக் கொடுங்கள். மயினி பிள்ளைகள் நாலு நாள் குளித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனில் உங்கள் வீட்டுச் சாவி வருஷம் முழுக்க இருக்க வேண்டியதில்லை. அதே மாதிரி, வீட்டு எண்ணையோ போன் எண்ணையோ பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும்.

இரண்டு மழை, இரண்டு எச்சரிக்கை

ஆனி, ஆடியில் வருவது காற்றும் சாரலும். அப்போது ஆபத்து வெளியே இருக்கிற வயருக்கு. சீசனுக்கு முன்பே தட்டட்டியில் ஏறி, வயர் எங்கே மட்டையில் உரசுகிறது, எங்கே ஓட்டு விளிம்பில் அறுபடுகிறது என்று பாருங்கள். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அது கீழே தொங்கி மேலேறட்டும். சாரல் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரைக் கோடை மழையிலும் வருவது இடி. ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்னல் வராது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். மின்னல் வருவது கரண்ட் வயர் வழியாக; டிவிக்கும் கேமராவுக்கும் போகிற லேன் வயர் வழியாகவும். தூரத்தில் முழங்கும்போதே அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மாடிக் கேமராவுக்குப் போகிற லேன் வயரையும் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடி வந்துவிட்ட பிறகு எந்த வயரையும் தொடாதீர்கள். போனால் பெட்டி போகட்டும்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு, ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். வாங்கி வைப்பது நல்ல செலவு. ஃபைபர் லைனில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒளியைப் பிரிக்கிற பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை. அதனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் ஊரே இருண்டிருந்தாலும், நிலையத்தில் பேட்டரி இருக்கும் வரை உங்கள் வீட்டில் நெட் ஓடும். சில சிறிய கம்பெனிகள் நடுவில் கரண்டில் ஓடும் சுவிட்ச் வைத்திருப்பார்கள். இணைப்பு எடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

புகார் சொல்லும்போது

'நெட்டு வரல அண்ணாச்சி' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'எல்.ஓ.எஸ். சிவப்பு, காலை ஏழு மணியிலிருந்து, பக்கத்து வீட்டிலும் இல்லை' என்று சொன்னால் வருகிறவர் சரியான கருவியோடு வருவார். புகார் எண் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. லைன் பார்க்க வருகிறவர் சாரலில் கம்பம் ஏறுகிறவர். அவரிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். சரிசெய்து முடித்ததும் பெட்டிக்கு எவ்வளவு ஒளி வருகிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் இன்றைக்கு ஓடினாலும் அடுத்த மழையில் நிற்கும். அப்போதே வயர் ஒட்டிய இடத்தை மீண்டும் ஒட்டச் சொல்லுங்கள்.

பயனர் பெயர், பாஸ்வேர்டு, பில்லில் உள்ள எண், வாங்கிய தேதி இவற்றை ஒரு தாளில் எழுதி, பெட்டியில் ஒட்டாமல் வீட்டு டைரியில் வையுங்கள். அதே டைரியில் நெட் நின்ற நாட்களையும் குறியுங்கள். ஆச்சி வீட்டு டைரியில் அவர்கள் பேரன் அப்படிக் குறித்ததில், மூன்று ஆடியிலும் வயர் அறுந்தது ஒரே தென்னைக்கு நேர் கீழே என்று தெரிந்தது. அதைக் காட்டிக் கேட்டபோது லைன்காரர்கள் மறுக்கவில்லை. வயரைத் தெருவின் எதிர்ப்பக்கத்துக் கம்பத்துக்கு மாற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள்.