வரைபடச் சங்கேதங்களும் பட்டறைப் பிரமைகளும்

இயந்திர வரைபடத்தில் சிறு கட்டங்களுக்குள் அடைபட்ட வட்டங்களையும் குறுக்குக் கோடுகளையும் எழுத்துகளையும் கண்ட மாத்திரத்தில், 'இந்த ஜாபுக்கு டாலரன்ஸ் கடுமை, ரேட்டை ஏற்றிச் சொல்' என்று தீர்மானித்துவிடுவது பட்டறைகளில் வேரூன்றிப்போன வழக்கம். ஜியோமெட்ரிக் டைமென்ஷனிங் அண்ட் டாலரன்சிங் என்பதைச் சுருக்கி ஜி.டி. அண்ட் டி. என்று வழங்கும் இந்தச் சங்கேத முறை, உற்பத்தி செய்கிறவனை நெருக்கிப் பிடிப்பதற்கென்றே வகுக்கப்பட்டது என்னும் அபிப்பிராயம் அனுபவசாலிகளிடத்தும் நிலவுகிறது. அதன் ஜனன விருத்தாந்தமோ இதற்கு நேர்மாறானது.

இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில், ஸ்காட்லாந்தின் அலெக்ஸாந்திரியா ஊரில் இருந்த கடற்படை டார்பிடோ தொழிற்சாலையில் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர் என்பவரே இம்முறையின் மூலகர்த்தாவாகப் பெரும்பாலோரால் கருதப்படுகிறார். பரிசோதகர்கள் கழித்து ஒதுக்கிய பாகங்களிற் சில, எடுத்துப் பூட்டிப் பார்த்தால் யாதொரு குறையுமின்றிப் பொருந்துவதை அவர் கண்டார். நல்ல பாகத்தைக் கெட்டதென்று சொல்லவைத்த குற்றம் வரைபடத்தினுடையது என்று அறிந்துகொண்டார்.

அந்தக் குற்றத்தைச் சற்று அருகே சென்று பார்ப்போம். ஒரு துளையின் மையம் இரு விளிம்புகளிலிருந்தும் இன்னின்ன தூரத்தில், கூடக்குறைய 0.1 மி.மீ. இருக்கலாம் என்று எழுதினால், அந்த மையம் உலவுவதற்கு நாம் அளித்தது 0.2 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம். அதன் மூலையில், குறித்த இடத்திலிருந்து 0.14 மி.மீ. விலகி நிற்கும் துளை தேறிவிடுகிறது; பக்கவாட்டில் நேராக 0.12 மி.மீ. மட்டுமே விலகிய துளையோ கழிக்கப்படுகிறது. அதற்குள் நுழையவேண்டிய போல்ட்டுக்கு மூலை ஏது, பக்கம் ஏது? மூலையிலுள்ள விலகலை ஏற்கலாமென்றால் எல்லாத் திசையிலும் அதை ஏற்பதே நியாயம். அப்படி ஏற்றால் சதுரம் 0.28 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகிறது, அதன் விஸ்தீரணமோ சதுரத்தைவிட ஏறத்தாழ 57 சதவீதம் அதிகமாகிறது. பார்க்கர் 1940-இல் வெளியிட்ட குறிப்புகளுக்குப் பின் வளர்ந்த இந்தச் சாஸ்திரம், கடைசல்காரனுக்குக் கொடுத்த முதல் வரமே இந்தத் தாராளந்தான்.

தாராளம் இதோடும் நிற்பதில்லை. கட்டத்துக்குள் வட்டமிட்ட 'எம்' என்ற எழுத்தைக் கண்டு மிரள்கிறவர்கள், அது தங்களுக்குக் கிடைத்த போனஸ் என்பதை அறியார். 10.0 முதல் 10.2 மி.மீ. வரை அனுமதிக்கப்பட்ட ஒரு துளைக்கு, மையம் உலவும் வட்டத்தின் விட்டம் 0.1 என்று அந்த 'எம்' சேர்த்துக் குறித்திருந்தால், துளை மிகச் சிறியதாக, அதாவது சரியாக 10.0 ஆக இருக்கையில் மட்டுமே அந்த 0.1 கட்டுப்படுத்தும், துளை 10.2 ஆக விரிந்தால் அந்த வட்டத்தின் விட்டம் 0.3 வரை அனுமதிக்கப்படும். ஆகவே உரிய இடத்தில் நாட்டிய 9.9 மி.மீ. பின்களைக் கொண்ட ஒரு கேஜ், கணக்கெதுவும் போடாமலே இட விவகாரத்தைத் தீர்த்துவிடும். துளையின் அளவை மட்டும் தனியே பார்த்துக்கொண்டால் போதும்.

'எந்தப் பக்கம் பிடித்தாலும் மைக்ரோமீட்டர் ஒரே அளவைக் காட்டுகிறது, ஆகவே பின் உருண்டைதான்' என்பது இன்னொரு நம்பிக்கை. என் பார்வையில் எல்லாவற்றிலும் அபாயகரமானது இதுவே. சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் அரைத்த பின்கள், மூன்று அல்லது ஐந்து மெல்லிய புடைப்புகளோடு வெளிவருவது சகஜம். அத்தகைய வடிவத்தை எந்தத் திசையில் அளந்தாலும் அகலம் மாறாமல் இருக்கக்கூடும், ஏனெனில் ஒரு பக்கத்துப் புடைப்புக்கு நேர் எதிரே ஒரு தட்டை வந்து ஈடு செய்துவிடுகிறது. அதே பின்னை வி-பிளாக்கில் கிடத்தி, மேலே டயலை வைத்து மெல்ல உருட்டினால், மூன்று புடைப்புள்ள பின்னுக்கு ஒரு சுற்றில் மூன்று தடவை முள் எழுந்து தாழ்வதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். சாலஞ்சர் விண்கலம் 1986-இல் சிதறியதை ஆராய்ந்த குழுவில் இருந்த பௌதிக மேதை ரிச்சர்டு ஃபைன்மன், ராக்கெட்டின் பெருங்குழாய்ப் பகுதிகளை மூன்று குறுக்களவுகள் எடுத்து, அவை சமமாயிருந்தால் வட்டமென்று கொள்ளும் வழக்கத்தைக் கண்டு, இது நிரூபணமே ஆகாது என்று எடுத்துக்காட்டினார். விபத்தின் காரணம் குளிரில் இறுகிப்போன ரப்பர் வளையம் என்பது வேறு விஷயம். ஆயினும் அத்தனை பெரிய ஸ்தாபனத்திலும் இந்தப் பிரமை குடியிருந்தது.

அளவெடுக்க ஆதாரமாகக் கொள்ளும் டேட்டம் என்றால் பாகத்தின் அடிப்பரப்பே என்று எண்ணுவதும் பிசகு. நாம் தொட்டுப் பார்க்கும் பரப்பு மேடுபள்ளமுள்ளது. டேட்டமோ அதன் மேட்டுப் புள்ளிகளைத் தாங்கி நிற்பதாகப் பாவிக்கப்படும் பூரணமான தளம். சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் பாகத்தை வைக்கும்போது, அந்தப் பிளேட் அத்தளத்தின் பிரதிநிதியாக வேலை செய்கிறது.

கடைசியாக, அமெரிக்க முறையும் சர்வதேச முறையும் ஒன்றேதான், சின்னங்கள் ஒத்திருக்கின்றனவே என்பார் உளர். சின்னங்கள் ஒத்திருப்பதால்தான் ஏமாற்றமே. 19.95 முதல் 20.00 மி.மீ. வரை விட்டம் குறித்த, நீண்டதொரு கடைந்த தண்டு, எங்கு அளந்தாலும் 19.98 காட்டுகிறது, ஆனால் 0.1 மி.மீ. வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க முறையான ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5 விதிப்படி, 20.00 விட்டமுள்ள பூரணமான உறைக்குள் அத்தண்டு அடங்கவேண்டும். அடங்காது, ஆகவே கழிக்கப்படும். சர்வதேச முறையான ஐ.எஸ்.ஓ. 8015 விதிப்படி அளவு வேறு, வடிவம் வேறு. வட்டமிட்ட 'ஈ' என்ற குறியோ, நேர்த்தன்மையைக் கட்டுப்படுத்தும் தனிக் குறிப்போ இல்லாவிட்டால், அதே தண்டு விட்ட அளவில் தேறிவிடும். வரைபடத்தின் மூலைக் கட்டத்தில் எந்த முறையென்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரியைப் படிக்காமல் ரேட் பேசி ஆர்டர் எடுக்கிறவர், இந்த வித்தியாசத்தை வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பும்போதுதான் தெரிந்துகொள்கிறார்.