மாணவரின் உணவறிவும் உண்ணும் பழக்கமும்

உணவைப் பற்றி அறிந்தவர் அறிந்தபடியே உண்கிறாரா? 1999 முதல் 2001 வரை 23 நாடுகளைச் சேர்ந்த பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக மாணவரிடம் நிகழ்த்தப்பெற்ற ஆய்வு இவ்வினாவை ஓரளவு தெளிவாக்குகிறது. ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் மாணவியரே கொழுப்பைக் குறைத்துப் பழங்களையும் நார்ச்சத்துள்ள உணவையும் மிகுதியாக உண்டனர். நல்லுணவின்மேல் வைத்த நம்பிக்கையும், உடல் மெலிவதற்கான பத்தியமும் இவ்வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியைத்தான் விளக்கின. எஞ்சிய பாதிக்குக் காரணம் வேறு.

உணவறிவை அளக்கப் பிரிட்டனில் 1999-இல் வெளியான வினாத்தாள் ஒன்று பிற நாடுகளிலும் திருத்திக் கையாளப்படுகிறது. அத்தகைய அளவுகோலுடன் கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரிக்குச் செல்வோம். வாரம் இருமுறை மீன் உண்க, அவற்றுள் ஒன்று நெய்ம்மீன் வகையாகுக என்பது பிரிட்டனில் கூறப்படும் அறிவுரை. இதைக் கேட்டறியாத மட்டாஞ்சேரி மாணவன் தாளில் மதிப்பெண் இழப்பான். ஆனால் அவன் வீட்டிலோ அவித்த மரவள்ளிக் கிழங்கும் மத்திக் குழம்பும் பழகிய உணவு. கிழங்கில் மாவுச்சத்தே மிகுதி. புரதம் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அக்குறையை மத்தி நிரப்புகிறது. ஒமேகா-3 கொழுப்பையும் வைட்டமின் டி-யையும் உடன் தருகிறது. இச்சேர்க்கையைக் கற்பித்தது பாடநூலன்று, அடுப்படியே.

அதே ஊரின் குஜராத்தி வீதியில் வாழும் சமண மாணவனை நோக்குக. மீனின் சத்தை அவன் பிழையின்றி எழுதலாம். எனினும் மீனை உண்ணான், மண்ணுக்குள் விளையும் கிழங்கையும் தவிர்ப்பான். இதை அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள முரண் என்று பதிவு செய்வது தவறு. ஒரு மைல் சுற்றளவுக்குள்ளேயே இத்துணை வேறுபாடு உண்டெனில், ஒரு நாட்டுக்கு ஒரு சராசரி என்பது எவ்வளவு பொருந்தும்?

கடலும் இக்கணக்கில் புகுகிறது. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்த மத்திப் பிடிப்பு, 2021-இல் 3,297 டன்னாகச் சுருங்கியது எனக் கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. பின்னர் அது ஓரளவு மீண்டது. அத்தகைய ஆண்டில் மாணவர் மத்தி உண்பது குறைந்தால், அதை அறியாமை என்று எழுதலாகாது. ஆதலின் வாரத்தில் எத்தனை நாள் மீன் உண்கிறீர் என்று வினவுமுன், வீட்டில் மீன் சமைப்பதுண்டா, உண்பது வீட்டிலா விடுதியிலா, அம்மாதம் சந்தையில் மத்தி என்ன விலை என்பவற்றையும் ஆய்வாளர் குறித்துக்கொள்ளல் வேண்டும்.