அடுப்புச் சுடர் கற்பிக்கும் பாடம்

விறகடுப்பின் புகையிலிருந்து நம் தாய்மாரை விடுவித்தது சமையல் வாயு. ஒரு திருகில் எரிகிறது. மறு திருகில் அணைகிறது. இத்தனை எளிதாக வேலை செய்வதாலேயே அதைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. பழுது நேர்ந்தால்தான் நினைவு வருகிறது. அவ்வேளையில் எதில் நாம் கை வைக்கலாம், எதில் கை வைக்கலாகாது என்று அறிந்திருப்பது உயிர் காக்கும் கல்வியாகும். பள்ளியில் படித்த அறிவியலைக் கொண்டே அதை விளங்கிக்கொள்ள முயல்வோம்.

ஆய்வுக்கூடமும் அடுக்களையும்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் பன்சன் அடுப்பு, 1855-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. பேராசிரியர் ராபர்ட் பன்சன் கருத்தைத் தந்தார். கருவிகள் செய்யும் பீட்டர் டெசாகா அதைச் செய்து கொடுத்தார். அதன் காற்றுத் துளையை மூடினால் சுடர் மஞ்சளாகிக் கரி படிகிறது. திறந்தால் சுடர் நீலமாகி வெப்பம் மிகுகிறது.

வீட்டு அடுப்பும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் துண்டின் நுண்துளை வழியே வாயு வேகமாகப் பாய்கிறது. பாயும்போதே சுற்றிலுமுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் செல்கிறது. இவ்வாறு கலந்த வாயுவே பர்னரின் துளைகளில் எரிகிறது.

சுடர் சொல்லும் சேதி

சுடர் நீலமாகவும் அசையாமலும் இருந்தால் அடுப்பு நலமாக இருக்கிறது. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் காற்று போதவில்லை என்று பொருள். பால் பொங்கி வழிந்து துளைகள் அடைபட்டிருக்கலாம்; கலவைக் குழாயில் சிலந்தி வலை கட்டியிருக்கலாம். இது வாயு வீணாவதோடு நிற்பதில்லை. குறைவாக எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சன்னலை மூடிவிட்டுச் சமைப்பது ஏன் தவறு என்பது இப்போது புரிகிறதன்றோ?

சுடர் பர்னரை விட்டு எழும்பித் தாவினால், காற்றோ வாயுவின் அழுத்தமோ மிகுந்துள்ளது. சுடர் உள்ளே புகுந்து ஜெட்டின் அருகே எரிந்தால் உடனே அணைத்து, அடுப்பு ஆறிய பின் பர்னர் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீண்டும் அப்படியே நேர்ந்தால் அந்த அடுப்பை மேலும் உபயோகிக்கலாகாது.

நம் கை நிற்க வேண்டிய இடம்

இங்கே ஒரு விதியை மனத்தில் கொள்வோம். வாயு அடைபட்டு வரும் வழி முழுவதும் மெக்கானிக்கின் பொறுப்பு. வாயு வெளிவந்து காற்றோடு கலந்தபின் உள்ள பாகங்களின் தூய்மை நம் பொறுப்பு.

ஆகவே, ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பின் பர்னரைக் கழற்றி, வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைத்துத் தேய்த்து, ஊசியால் துளைகளின் அடைப்பை நீக்கி, நன்றாக உலர்த்தி மாட்டுவது நாம் செய்யக்கூடியதே. ஆனால் அதே ஊசியை ஜெட்டினுள் நுழைக்கலாகாது. அத்துளை சற்றே பெரிதானாலும் வாயு மிகுந்து சுடர் மஞ்சளாகிவிடும். இறுகிப்போன திருகுக்குச் சமையல் எண்ணெய் விடுவதும் கூடாது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து உரிய கிரீஸ் இடுவது மெக்கானிக்கின் வேலை. குழாய் வழியே வரும் இயற்கை வாயுவுக்கு அடுப்பை மாற்றும்போது ஜெட்டுகளையும் மாற்ற வேண்டும். அதுவும் அவர் வேலையே.

கசிவு நேர்ந்தால்

சிலிண்டரில் உள்ளது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். இயல்பில் மணமற்ற அதனோடு, கசிவை நாம் உணர்வதற்காக எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். 1 லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. அது காற்றைவிடக் கனமானதால் தரையிலேயே படர்ந்து தங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

எனவே நாற்றம் வந்தால் எந்த மின்விசையையும் போடக் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் வாயில் பாதுகாப்பு மூடியை இட வேண்டும். சாமி படத்தின் முன் எரியும் விளக்கையும் மெழுகுவர்த்தியையும் அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். வெளியே வந்த பிறகே 1906 என்ற அவசர எண்ணை அழைக்கலாம். கசியும் இடத்தைத் தீக்குச்சி கொண்டு தேடுவது பேராபத்து. சோப்பு நீரைத் தடவினால் குமிழிகளே இடத்தைக் காட்டிவிடும்.

முறையாகப் பொருத்துதல்

புதிய அடுப்பை வாயு விநியோகஸ்தர் அனுப்பும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டே பொருத்த வேண்டும். வந்தவரின் அடையாள அட்டையைப் பார்ப்பது மரியாதைக் குறைவு அன்று. அடுப்பு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதாயிருக்க வேண்டும். கல் மேடையின் மேல் அடுப்பும், கீழே தரையில் நிமிர்ந்த நிலையில் சிலிண்டரும் இருக்க வேண்டும். காற்றோட்டமற்ற அலமாரிக்குள் சிலிண்டரை அடைத்து வைக்கலாகாது. ரப்பர் குழாய் கண்ணுக்குத் தெரியும்படி, அடுப்பின் சூடு படாமல் செல்ல வேண்டும். சுவரில் துளையிட்டுக் கொண்டு செல்லக் கூடாது. கம்பி வலை உள்ளே பொதிந்த 'சுரக்ஷா' குழாயாயினும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு கண்டால் உடனே மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் சோப்பு நீரால் நம் கண்ணெதிரே சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

சிலிண்டர் வரும்போது, அதன் கழுத்தருகே உள்ள இரும்புப் பட்டையில் எழுதியிருப்பதையும் படிப்போம். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். அடுத்துள்ள எண் ஆண்டைக் குறிக்கும். சி-29 என்றிருந்தால், 2029-ஆம் ஆண்டு செப்டம்பருக்குள் அச்சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். காலம் கடந்த சிலிண்டரை ஏற்காமல் திருப்பி அனுப்பலாம்.

தோழியரே, அடுப்பைப் பற்றிய அறிவு அம்மாவுக்கு மட்டும் உரியதன்று. அப்பாவுக்கும் அண்ணன் தம்பியருக்கும் உரியது. பன்சனின் அறிவும் டெசாகாவின் கைத்திறனும் சேர்ந்தே நீலச் சுடரை நமக்கு அளித்தன. நம் வீட்டிலும் நாம் அறிந்து கவனிப்பதும், தொழில் தெரிந்தவரை வேளையோடு அழைப்பதும் சேர்ந்தால்தான் அச்சுடர் பத்திரமாக எரியும். இன்று மாலையே வீட்டு அடுப்பின் சுடரையும், குழாயில் அச்சிட்டுள்ள ஆண்டையும் பார்ப்போம். பார்த்ததை வீட்டாரிடம் சொல்வோம்.